பழனி அடிவாரத்தில் கிராவல் சைக்கிள்: தண்ணீர் போகும் வழியே போங்கள்

கொடைக்கானல் மலைப்பாதையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பழனிக்குச் சைக்கிளோடு வருகிற புதியவர்களில் பலரும் முதல் நாளே அந்த 64 கிலோமீட்டரில்தான் கண் வைக்கிறார்கள். முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து 2,100 மீட்டருக்கு ஏற வேண்டும். வழி முழுக்கத் தார் ரோடு, கொண்டை ஊசி வளைவுகள், எதிரே பஸ், பின்னால் சுற்றுலா வேன். மண்ணிலும் ஜல்லியிலும் ஓட்டுவதற்கென்று தடித்த டயரோடு வருகிற கிராவல் சைக்கிளுக்கு அங்கே வேலையே இல்லை. அதற்கு வேலை கொடுக்கிற மண் கீழே கிடக்கிறது.

பழனி மலைத்தொடரின் வடக்குச் சரிவிலிருந்து வரிசையாக ஆறுகள் இறங்குகின்றன. வரதமாநதி, பாலாறு, பொருந்தலாறு, குதிரையாறு என்று ஒவ்வொன்றையும் அடிவாரத்தில் அணை போட்டுப் பிடித்திருக்கிறார்கள். அணையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து குளம், மிச்சம் சண்முக நதிக்கோ அமராவதிக்கோ போகும். இந்த வாய்க்கால் கரைகளும், தோட்டங்களுக்கு நடுவே கிளுவை வேலி போட்ட இட்டேரி என்கிற ஒடுக்கமான மண் வழிகளும்தான் உங்கள் பாதை. அணை வாய்க்காலைச் சரிவு தெரியாதபடி மலையடியை ஒட்டியே வெட்டிக்கொண்டு போவார்கள், தண்ணீர் நிதானமாகப் போக வேண்டும் என்பதால். கரையில் போகிற சைக்கிளுக்கும் ஏற்றம் இறக்கம் கிட்டத்தட்ட இல்லை. வலது பக்கமோ இடது பக்கமோ மலை கூடவே வரும், மூச்சும் வாங்காது. புதிதாக மண் பாதையில் ஓட்டப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் தென் மாவட்டங்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

எப்போது வருவது

மார்கழியிலிருந்து மாசி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து மண் இறுகியிருக்கும், குளங்களில் தண்ணீர் நிற்கும், வெயிலும் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரைகள் சேறாகிவிடும். அடிவாரத்துச் செம்மண் பரவாயில்லை, மழை விட்ட மறுநாளே காய்ந்துவிடும். வடக்கே தாராபுரம் பக்கம் போகப் போகக் கரிசல் வரும். ஈரக் கரிசலில் பத்தடி போனால் போதும், டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மண் அப்பிச் சக்கரமே சுற்றாது. குச்சியை வைத்துச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆனி, ஆடியில் வருகிறவர்கள் காற்றைக் கணக்கில் வைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று உடுமலை, மடத்துக்குளம் தாண்டிப் பழனி வரை அடிக்கும். காலையில் காற்று எழுவதற்கு முன் மேற்கே போய்விட்டு, வெயில் ஏறியதும் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே திரும்புங்கள். மாற்றிச் செய்தால் சமவெளியிலேயே மலை ஏறுகிற கஷ்டம் வந்துவிடும்.

தைப்பூசம், பங்குனி உத்திரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு வாரம் பெரிய ரோடுகளைத் தவிருங்கள். திண்டுக்கல், தாராபுரம், உடுமலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பாதயாத்திரைக் கூட்டம் வரும். இரவு பகலாக நடந்து கால் வீங்கிய மனிதர்களுக்கு நடுவே மணி அடித்துக்கொண்டு போவது அழகில்லை. கிரிவலப் பாதையில் எந்த நாளிலும் சைக்கிள் ஓட்ட நினைக்க வேண்டாம், அது நடக்கிறவர்களின் வழி.

ரயிலில் வருவது சுலபம். சென்னை சென்ட்ரலிலிருந்து பாலக்காடு போகும் விரைவு ரயில் பழனி வழியாகத்தான் போகிறது. சைக்கிளை பார்சல் ஆபீசில் பதிவு செய்து அனுப்பலாம். முன் சக்கரம், ஹேண்டில்பார் கழற்றிப் பையில் கட்டிக் கூடவே கொண்டுவருகிறவர்களும் உண்டு. எப்படி வந்தாலும் டெரெய்லியர் (பின் சக்கரத்தில் செயினை நகர்த்திக் கியர் மாற்றுகிற பாகம்) உள்ள பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். அதைச் சைக்கிளோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளைந்தால் பழனியில் உங்கள் மாடலுக்கு மாற்றுக் கிடைப்பது கஷ்டம், ஒன்று உபரியாகக் கையில் இருக்கட்டும்.

சைக்கிள் எப்படி இருக்க வேண்டும்

கிராவல் சைக்கிள்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. 38 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடக்கூடிய ஹைபிரிட், மலைப்பாதைக்கான சாதாரண எம்டிபி எதுவும் போதும். கிராவல் சைக்கிள் வைத்திருப்பவர்கள் 40 முதல் 45 மில்லிமீட்டர் டயர் போடுங்கள். முன்னே 40 பல், பின்னே பெரிய பல்சக்கரம் 42 இருந்தால் இந்த வழிகளில் கியர் பற்றாமல் போகாது.

காற்றுதான் முக்கியம். ரோடு சைக்கிளில் பழகியவர்கள் டயரைக் கல்லாக அடித்துக்கொண்டு வருவார்கள். ஜல்லியில் அது குதிக்கும், மணலில் புதையும். 70 கிலோ எடை உள்ளவர், 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயருக்கு முன்னே 32, பின்னே 36 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம். டியூப் போட்டிருந்தால் ஆறேழு கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கல்லில் மோதும்போது ரிம் டியூபைக் கடித்துவிடும்.

டியூப்லெஸ் இங்கே ஆடம்பரம் இல்லை. வாய்க்கால் கரை முழுக்கச் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. வெட்டிப் போட்ட முள் காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடப்பதால் கண்ணுக்கே தெரியாது. வெயில் காலத்தில் இட்டேரிகளில் நெருஞ்சி வேறு. முள் ஏறிவிட்டால் பதற வேண்டாம். இறங்கி, முள்ளைப் பிடுங்கியதும், ஓட்டையை அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றியிருக்கும் சீலண்ட் திரவம் வெள்ளையாகப் பீய்ச்சும். ஓட்டை தரைப் பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள். சீலண்ட் அடியில் தேங்கி ஓட்டையில் கட்டிபிடிக்கும். சத்தம் நின்றதும் அரைச் சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பலாம். நம் ஊர்ச் சூட்டில் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துபோகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். உள்ளே ரப்பர் உருண்டை மட்டும் உருண்டால் அது சீலண்ட் இல்லை.

கூடவே ஒரு டியூப், பம்ப், டயர் லீவர், செயின் லிங்க், டியூப்லெஸ் ஓட்டையை அடைக்கிற பிளக் கிட். ஊருக்குள் பஞ்சர் கடைகள் நிறைய இருந்தாலும் பெரும்பாலும் பைக்குக்குத்தான், இந்த வகைச் சைக்கிளில் இருக்கும் ஒல்லியான பிரெஸ்டா வால்வைப் பார்த்தால் யோசிப்பார்கள். பித்தளை அடாப்டர் ஒன்று வைத்திருந்தால் அவர்களுடைய கம்ப்ரெசரிலேயே காற்று அடித்துக்கொள்ளலாம்.

வழியை வரைபடத்தில் பிடிப்பது

மொபைல் மேப்பில் "சைக்கிள் வழி" என்று கேட்டால் அது நேராக நெடுஞ்சாலையில் தள்ளிவிடும். முந்தின நாள் இரவு சேட்டிலைட் காட்சியைத் திறந்து அணையைக் கண்டுபிடியுங்கள். அணையிலிருந்து மலையடியை ஒட்டி வளைந்து வளைந்து போகும் மெல்லிய கோடுதான் வாய்க்கால். அதற்கு மேட்டுப் பக்கம் புதரும் காடும், பள்ளப் பக்கம் பச்சையாக வயலும் தோப்பும் தெரியும். ஜீப் போகிற கரை பெரும்பாலும் பள்ளப் பக்கக் கரைதான், அதைத் தொட்டுத் தொட்டுப் பாதையை வரைந்து, வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். மலை மறைக்கிற இடங்களில் சிக்னல் போய்விடும்.

வரைபடத்தில் கோடு முடிகிற இடத்தில் கரை முடிவதில்லை, கோடு இருக்கிற இடத்தில் எல்லாம் கரை இருப்பதும் இல்லை. மதகு உடைந்திருக்கும், யாராவது வேலி போட்டிருப்பார்கள். அப்போது கேட்க வேண்டிய ஆள் லஸ்கர். நீர்வளத்துறையில் ஷட்டரைத் திறந்து மூடுகிற ஊழியர். மம்பட்டியோடு கரையில் நடந்துகொண்டிருப்பார். அவருக்கு எந்தக் கரை எங்கே போய் முடிகிறது, எந்தப் பாலம் சைக்கிளைத் தாங்கும், தண்ணீர் எந்த மடை வரைக்கும் வந்திருக்கிறது எல்லாம் தெரியும். இறங்கி நின்று "அண்ணா, இந்தக் கரை எது வரைக்கும் போகுதுங்க?" என்று கேளுங்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி கேட்டால் பதிலும் அந்த அளவுக்குத்தான் வரும்.

முதல் வழி: வையாபுரி குளம், வரதமாநதி, ஆயக்குடி

இது கை பழகுவதற்கு. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் முடியும். ஊரை ஒட்டிக் கிடக்கும் வையாபுரி குளத்துக்குத் தண்ணீர் வரதமாநதி அணையிலிருந்துதான் வருகிறது. குளத்தில் தொடங்கி, அந்த வாய்க்கால் வந்த வழியைத் திருப்பிப் பிடித்து அணைக்குப் போங்கள். நடுவில் கரை மறையும் இடங்களில் கொடைக்கானல் ரோட்டில் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும். அணை 66 அடி. நிரம்பி வழிகிற நாளில் பார்க்க நன்றாக இருக்கும், அப்படிப்பட்ட நாளில் கூட்டமும் அதிகம்.

அங்கிருந்து கிழக்கே ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர்போன ஊர், காலையில் சந்தைக்குக் கூடை கூடையாக வரும். நின்று நாலு பழம் வாங்கிச் சாப்பிடுங்கள், தண்ணீர்ச்சத்தும் சர்க்கரையும் ஒன்றாகக் கிடைக்கிற தீனி. ஆனால் ஆயக்குடிக்குத் தெற்கே கோம்பைபட்டி, சட்டப்பாறைப் பக்கம் மலையோரத் தோப்புகளில் யானை இறங்குவது வழக்கமான விஷயம். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு ஆயக்குடியிலிருந்து ஊருக்குள் திரும்பிவிடுங்கள்.

இரண்டாம் வழி: பாலாறு, பொருந்தல், சண்முக நதி

எனக்குப் பிடித்த வழி இது. மொத்தம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பழனியிலிருந்து தென்மேற்கே பாலசமுத்திரம் வரை தார் ரோடு. அதைத் தாண்டினால் தென்னந்தோப்பு தொடங்கிவிடும், மலை திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கும். ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் வாக்கில் பாலாறு–பொருந்தலாறு அணை. இரண்டு ஆறுகளையும் சேர்த்துக் கட்டிய 65 அடி அணை. அணைக்கரை மேல் சைக்கிள் ஓட்ட நினைக்காதீர்கள், காவலாளி இருந்தால் கேட்டுவிட்டு நடந்து போய்ப் பார்க்கலாம்.

அணையை ஒட்டிய பகுதியில்தான் பொருந்தல் கிராமம். பார்வைக்குச் சாதாரண ஊர்தான். ஆனால் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகத்தார் 2009, 2010இல் இங்கே அகழாய்வு செய்தபோது, ஈமக்குழி ஒன்றில் நாலு கால் ஜாடி நிறைய நெல் கிடைத்தது. அந்த நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 490 என்று வந்தது. கூடவே தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானைத்தாங்கியும் இருந்ததால், தமிழ் எழுத்தின் வயது பற்றிய பேச்சே மாறிப்போனது. நீங்கள் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் குடிக்கிற வரப்புக்குப் பக்கத்து வயலிலும் இதே ஆற்றுத் தண்ணீரில் நெல் நிற்கும். பழைய ஈமக்குழிகளைச் சுற்றி அடுக்கிய கல்வட்டங்கள் கண்ணில் பட்டால் சுற்றிப் போங்கள், உள்ளே ஓட்டிப் படம் எடுக்க வேண்டாம்.

பொருந்தலிலிருந்து வடக்கே திரும்பி ஆற்றின் போக்கிலேயே இறங்குங்கள். இங்கேதான் மண் பாதையின் எல்லா வகையும் கிடைக்கும். முதலில் கெட்டிச் செம்மண். பிறகு மூன்று அங்குல ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டாமல் விட்ட பாதை. இதில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கையை மடக்கி, எடையைப் பின்னால் வைத்து, கல்லின் போக்கில் முன் சக்கரத்தைக் கொஞ்சம் அலைய விடுங்கள். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொட்டால் கீழே விழுவது நிச்சயம். ஆற்றங்கரை நெருங்கும்போது மணல் வரும். மணலுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, வேகமாக மிதித்து, திருப்பாமல் நேராகப் போங்கள். நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுவதுதான் வழி.

தரைப்பாலங்கள் இரண்டொன்று குறுக்கே வரும். தண்ணீர் கணுக்கால் அளவு இருந்தாலும் அடியில் தெரிகிற பாசியைப் பாருங்கள். பச்சையாகப் படிந்திருந்தால் ஓட்ட வேண்டாம், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பாதத்தைத் தேய்த்து நடங்கள். மேலே மலையில் மழை என்றால், கீழே வெயில் அடித்தாலும் ஆற்றில் திடீரென்று தண்ணீர் வரும். தண்ணீர் கலங்கலாக, சருகும் சுள்ளியும் மிதந்துகொண்டு வந்தால் அது வெள்ளத்தின் தலை. இறங்கவே கூடாது.

உடுமலை ரோட்டில் சண்முக நதிப் பாலத்துப் பக்கம் வந்ததும் வேறு ஒரு சங்கடம். பக்தர்கள் முடி இறக்கிக் குளித்துவிட்டு உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் வேட்டியும் துண்டும் டெரெய்லியரில் சுற்றினால் ஹேங்கர் போயே போச்சு. கரையில் அந்த இருநூறு மீட்டருக்கு உருட்டிக்கொண்டு போவதே நல்லது. பிறகு கலையம்புத்தூர் அக்ரகாரத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம்.

மூன்றாம் வழி: ஐவர்மலை, குதிரையாறு, கொழுமம்

முதல் இரண்டும் கைவந்த பிறகு இதற்கு வாருங்கள். சுற்றி வந்தால் ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டும். விடிந்ததும் நெய்க்காரப்பட்டி வழியாக மேற்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பாப்பம்பட்டிப் பக்கம் போங்கள். தனியாக நிற்கும் குன்று ஐவர்மலை. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு ஏறுங்கள். நீண்ட பாறைக் குடைவுக்கு மேலே வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். இங்குள்ள கல்வெட்டு கி.பி. 870ஐச் சேர்ந்தது, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்கிறது. அதை வைத்துத்தான் அவன் 862இல் பட்டம் ஏறினான் என்று கணக்கிட்டார்கள். குன்றின் மேல் நின்றால் மேற்கே நீங்கள் போகப்போகும் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும், வழியை இங்கிருந்தே ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குதிரையாறு அணை தெற்கே மலையடியில். 80 அடி. போய்வந்தால் ஏற்றம் கொஞ்சம் இருக்கும், நேரமில்லை என்றால் விட்டுவிட்டு நேராகக் கொழுமம் போகலாம். கொழுமத்தில் அமராவதி ஆறு. அமராவதி அணை கட்டுவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே இந்த ஆற்றில் ராஜவாய்க்கால்கள் ஓடுகின்றன. கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று எட்டு. இவை அடிவாரத்து அணை வாய்க்கால் மாதிரி அகலமில்லை, கரையும் ஒடுக்கம். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் நெல் வயல், எதிரே மாடு வந்தால் இறங்கி ஒதுங்கத்தான் வேண்டும். நடவு நேரத்தில் கரை மேல் நாற்றுமுடி அடுக்கியிருப்பார்கள், அன்றைக்கு அந்தக் கரை அவர்களுடையது. ரோட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். குமரலிங்கம் தாண்டி மடத்துக்குளத்தில் நெடுஞ்சாலையைத் தொட்டு, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பழனிக்குத் திரும்புங்கள்.

யானை, காடு, நாய்

அடிவாரத்தில் காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகே கிளம்புங்கள், மாலை நாலு மணிக்குள் மலையை விட்டு விலகிவிடுங்கள். தோட்டத்துக்காரர் யாராவது கையைக் காட்டி "அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி, ராத்திரி இறங்கியிருக்கு" என்றால் எது இறங்கியது என்று கேட்க வேண்டியதில்லை. திரும்புங்கள். ஈரமான சாணம், முறிந்து பால் வடிகிற கிளை, குருத்து உருவிய தென்னங்கன்று இதில் எதைப் பார்த்தாலும் அதே முடிவுதான். மணி அடிக்காமல், கத்தாமல், வந்த வழியே.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். மேலே உள்ள மலைக்காட்டின் பெரும்பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறைக் கல்லோ பலகையோ தெரிந்தால் அதுதான் உங்கள் எல்லை, பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும். காரில் சைக்கிளை ஏற்றி ஒரு நாள் கொடைக்கானல் போய்வரலாம் என்றால் காருக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறை. தோப்புகளைச் சுற்றியிருக்கும் கம்பி வேலியில் கை வைக்காதீர்கள், மின்சாரம் ஓடலாம்.

நாய்கள்தான் அன்றாடப் பிரச்சினை. துரத்தினால் வேகமாக மிதிக்கத் தோன்றும். அதற்குப் பதில் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போடத் தொடங்குங்கள். விபத்து என்றால் 108.

சாப்பாடு

மணிக்கு ஒரு பாட்டில் தண்ணீர், அதில் பாதியில் உப்பும் சர்க்கரையும் கலந்திருக்கட்டும். வழியில் இளநீரும் மோரும் கிடைக்கும், வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். கடையில் விற்கிற எனர்ஜி ஜெல்லுக்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை சேர்ந்த பொருள் இந்த ஊரிலேயே விற்கிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பழனி பஞ்சாமிர்தம்தான். அகன்ற வாய் உள்ள பிதுக்கும் பாட்டிலில் கொஞ்சம் அடைத்து ஜெர்சிப் பையில் போட்டுக்கொண்டால், நாற்பது நிமிடத்துக்கு ஒரு வாய் போதும். மூடியை இறுக்கிப் போடுங்கள். எறும்பு உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும்.

திரும்பி வந்ததும் ஈரத்துணியால் டயரை முழுசாக ஒரு சுற்றுத் துடைத்து, உடைந்து நிற்கும் முள் நுனிகளைத் தேடிப் பிடுங்குங்கள். செயினைத் துடைத்துக் காயவைத்து எண்ணெய் விடுங்கள். செம்மண் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தைத் தின்றுவிடும்.

அடுத்த தடவை வரும்போது கிழக்கே போகலாம். திண்டுக்கல் ரோட்டில் விருப்பாச்சி, 1801இல் ஆங்கிலேயர் தூக்கிலிட்ட பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஊர். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த மண். அங்கே நங்காஞ்சியாற்றின் கரையில் வடக்கு நோக்கிப் போகும் பாதைகள் ஓட்டுவதற்கு நன்றாக இருக்கும். தெற்கே பாச்சலூர் மலைப்பாதையில் இருக்கும் பரப்பலாறு அணை வேறு ரகம், அது ஏற்றத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு. தலையூத்து அருவிப் பக்கம் போவதானால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.